எம்.எஸ்சி. நர்சிங்குக்கு வங்கிக் கல்விக் கடன்: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து சேர்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்கு லட்சம் ரூபாய்க்குள் முடிகிற எம்.எஸ்சி. நர்சிங் சீட்டுக்குப் பொதுத்துறை வங்கிக் கல்விக் கடன் நல்ல கடன், தயங்காமல் வாங்கலாம். ஏழரை லட்சத்தைத் தாண்டுகிற சீட்டுக்கு இதே கடன் சொத்துப் பத்திரத்தைக் கேட்கும். அதற்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நடுவில் உள்ள தொகைக்குக் கடன் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, பி.எஸ்சி. படிக்கும்போது வாங்கிய பழைய கடனின் இன்றைய நிலைதான்.

பெரும்பாலான பொதுத்துறை வங்கிகள் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தை ஒட்டித்தான் கல்விக் கடன் தருகின்றன. அதன்படி நான்கு லட்சம் வரை அடமானமும் இல்லை, நம் கைப்பணமும் போட வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்பானால் 5 சதவீதம் நம் பங்கு. நான்கிலிருந்து ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் கொண்டுவந்தால் அதையும் கேட்கக் கூடாது. தவணை, படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் கழித்துத் தொடங்கும். அடைக்க 15 வருடம் வரை அவகாசம். பெண்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 0.50 சதவீதம் குறைக்கின்றன. படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டினால் 1 சதவீதம் வரை சலுகை தரவும் திட்டத்தில் இடம் உண்டு. இதை வங்கியில் யாரும் தாமாக முன்வந்து சொல்வது அரிது, கேட்டு வாங்க வேண்டும்.

அப்படி வட்டியைக் கட்டிவருவதன் அருமை கணக்குப் போட்டால்தான் புரியும். நான்கு லட்சம், வருடத்துக்கு இரண்டு லட்சமாக வெளியாகிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 20,000, இரண்டாம் வருடம் 40,000, படிப்பு முடிந்தபின் தவணையில்லாத சலுகை வருடம் 40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் ஐந்து லட்சமாகி நிற்கும். அதை 15 வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 5,370 ரூபாய், மொத்தம் ஒன்பதரை லட்சத்துக்கு மேல். ஏழு வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,300, மொத்தம் ஏழு லட்சத்துக்குள். படிக்கும்போதும் சலுகை வருடத்திலும் வட்டியைக் கட்டிவந்தால் அசல் நான்கு லட்சத்திலேயே நிற்கும், ஏழு வருடத் தவணையும் சுமார் 6,640 ஆகிவிடும். முதல் வருடம் மாத வட்டி சராசரியாக 1,700 ரூபாய்தான். அந்த ஒரு வருடமாவது வட்டியைக் கட்டிவிடுவது நல்லது.

இனி விண்ணப்பம். எம்.எஸ்சி. நர்சிங்குக்கு பி.எஸ்சி. அல்லது (டிப்ளமா நர்சிங்குக்குப் பின் படிக்கும்) போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யில் 55 சதவீதம், மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, ஒரு வருடப் பணி அனுபவம் மூன்றும் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதம் தளர்வு. இதில் சிக்குவது அனுபவச் சான்றுதான். தர்மபுரி டவுனிலோ ஓசூரிலோ ஒரு சிறிய நர்சிங் ஹோமில் வேலை பார்த்தவர்களுக்கு, "எங்களிடம் ஒரு வருடம் பணிபுரிந்தார்" என்று ஒற்றை வரியில் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. லெட்டர் ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வார்டு, மருத்துவமனை முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கவுன்சில் பதிவுத் தேதிக்கு முன்பே ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்ததாகக் கடிதத்தில் இருந்தால் சரிபார்ப்பில் கேள்வி வரும். பெங்களூரில் பி.எஸ்சி. முடித்துவிட்டுத் தமிழ்நாட்டில் சேர்கிறவர்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இவர்கள் ஏராளம், இன்னும் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். கர்நாடக கவுன்சில் பதிவைத் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான மைக்ரேஷன் சான்று, இங்கே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாக நகர்பவை, சீட் கிடைத்த பிறகு தொடங்கினால் கட்டண நாளுக்குள் முடியாது.

பெயர் விஷயத்தையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். மார்க் ஷீட்டில் "எம். செல்வி", ஆதாரில் "செல்வி முருகன்", கல்யாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து என்றால் மூன்றும் மூன்று ஆள். வங்கி கேட்கும் ஆதார் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். மார்க் ஷீட்டில் உள்ள பெயருக்கு ஆதாரை மாற்றுவதே எளிது, மார்க் ஷீட்டைத் திருத்துவது நீண்ட வேலை.

இப்போது பழைய கடன். எம்.எஸ்சி.க்கு வருகிறவர்களில் பலரிடம் பி.எஸ்சி. கல்விக் கடன் பாக்கி இருக்கும். ஒழுங்காகக் கட்டிவந்திருந்தால் அதே கிளையில் மேற்படிப்புக்குக் கூடுதல் கடன் கேட்கலாம், பழைய தவணையையும் தள்ளிவைக்கச் சொல்லலாம். 90 நாளுக்கு மேல் தவணை நின்றிருந்தால் அது வாராக்கடன், புதிய விண்ணப்பம் எங்கே போட்டாலும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரியும். நம்மோடு சேர்ந்து கடனில் கையெழுத்திடும் கூட்டுக் கடன்தாரரான அப்பாவின் பயிர்க் கடனோ டிராக்டர் கடனோ நின்றுபோயிருந்தாலும் இதே கதை. மாங்காய் விலை விழுந்த வருடத்தில் தவணை தள்ளிப்போன வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இருவர் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பார்த்து, சிறு பாக்கியாக இருந்தால் கட்டி முடித்து, கிளையில் கடிதம் வாங்கிவிட வேண்டும். திருமணமானவர்கள் கணவரையோ மாமனாரையோ கூட்டுக் கடன்தாரராகப் போடலாம். மாதச் சம்பளமும் ஃபார்ம் 16-ம் (வேலை தருபவர் கொடுக்கும் வரிப்பிடித்தச் சான்று) உள்ளவர் வீட்டில் இருந்தால் அவரைப் போடுவதே சுலபம்.

வட்டி மானியம் பற்றித்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் உண்டு. ஆனால் ஒரு மாணவருக்கு ஒரே ஒரு முறைதான், இளநிலைக்கு வாங்கியவருக்கு முதுநிலைக்குக் கிடையாது. கல்லூரிக்கு நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரமோ படிப்புக்கு என்.பி.ஏ. என்ற அமைப்பின் அங்கீகாரமோ வேண்டும், அவற்றின் வரம்புக்குள் வராத நர்சிங் படிப்பானால் இந்திய நர்சிங் கவுன்சில் ஒப்புதல் வேண்டும், தனியார் நர்சிங் கல்லூரியில் சேரும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் படிப்பை நிறுத்தினால் மானியம் போய்விடும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் எனப் போய் வர நாளாகும். அதன் ஆயுள் ஒரு வருடம் என்பதால் மிக முன்னதாகவும் எடுக்க வேண்டாம். முதல் பட்டதாரிச் சலுகை முதுநிலைக்கு இல்லை. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கடன் கேளுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தரவரிசைப் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன் தருகிறது. வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஓசூர் சாலையிலேயே இருக்கும் நிம்ஹான்ஸில் மனநல நர்சிங், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களைக் குறிவைப்பவர்களுக்கு இது பொருந்தும். நம் பக்கத்துத் தனியார் கல்லூரி பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வங்கி மேசையில் விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் ஃபீஸ் ஸ்ட்ரக்சர் கடிதத்தில். அதில் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், தேர்வு, நூலகம், சீருடை என்று தனித்தனி வரியாக, முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று இரண்டு பத்தியாக இருக்க வேண்டும். "இதர கட்டணம் 60,000" என்று ஒரே வரி இருந்தால் மேலாளர் அதை அடித்துவிடுவார், அந்தப் பணம் நம் கையிலிருந்துதான் போகும். எம்.எஸ்சி.யில் ஆய்வேடு கட்டாயம். அதன் செலவுக்குத் திட்டத்தில் இடம் இருப்பதால் அதையும் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். கல்லூரியின் கணக்கு டிரஸ்ட் பெயரில் இருக்குமானால் கடிதத்தில் அதே பெயரும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய பணம் திரும்பி வரும். ஏஜென்ட் கேட்கும் கமிஷனுக்கும் ரசீதில்லாத நன்கொடைக்கும் ஒரு பைசா கடன் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்குக் கடன் தருவது கிளையின் விருப்பம். பேசி முடிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

நகைக் கடனோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். நகையை வைத்தால் அன்றே பணம். ஆனால் பொதுவாக ஒரு வருடத்தில் மீட்க வேண்டும் அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், சம்பளமில்லாத இரண்டு வருடத்துக்கு அது தாங்காது. சீட்டை உறுதி செய்யும் முதல் கட்டணத்துக்கு மட்டும் சிறு தொகைக்கு வைக்கலாம். ரசீதைக் காட்டினால் அந்தத் தொகையைக் கல்விக் கடனில் திருப்பித் தருவார்களா என்று கிளையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"உங்கள் ஊர் எங்கள் சர்வீஸ் ஏரியா இல்லை" என்று சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மறுப்பதானால் மேல் அதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்திருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லையென்றால் அந்த ஒப்புகையோடு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் கல்விக் கடன் முகாமுக்கோ மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமோ போகலாம். இரண்டாம் வருடப் பணம் தானாக வராது. முதல் வருட மதிப்பெண் பட்டியலும், அங்கே படிப்பதற்கான போனஃபைடு சான்றும் கட்டணக் கேட்புக் கடிதமும் கொடுத்தால்தான் கிளை அனுப்பும். தேர்வு முடிவு தாமதமானால் ஹால் டிக்கெட் நகலையும் கல்லூரி முதல்வர் கடிதத்தையும் வைத்து முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.