மின்னஞ்சலுக்கு இரண்டாவது பூட்டு: ஓடிபியா, ஆப்பா, சாவியா?

போன வருடம் அக்காவின் மின்னஞ்சல் கணக்கு பறிபோனது. இத்தனைக்கும் பாஸ்வேர்டோடு, லாகினுக்கான எண்ணை ஃபோனிலேயே காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் வைத்திருந்தார். ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று வந்த மெயிலை நம்பி, அசல் போலவே இருந்த லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டையும் ஆப் காட்டிய ஆறு இலக்க எண்ணையும் போட்டார். அந்தப் போலிப் பக்கம் இரண்டையும் அப்போதே அசல் தளத்தில் கொடுத்து உள்ளே நுழைந்துவிட்டது. அதன்பிறகுதான் வீட்டில் எல்லோரையும் செக்யூரிட்டி கீ என்ற சிறு சாவிக் கருவிக்கு மாற்றினேன்.

எஸ்எம்எஸ் ஓடிபி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதுவுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் உங்கள் எண்ணுக்கு இன்னொருவர் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்குத்தான் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் எண்ணையே கைப்பற்றி, அவர் கணக்கிலிருந்து ட்வீட் போட்டார்கள்.

ஆப்பில் அந்தத் தொல்லை இல்லை. தளமும் ஆப்பும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டு, நேரத்தை வைத்து 30 நொடிக்கு ஒருமுறை புது எண்ணைக் கணக்கிடுகின்றன. சிக்னல் வேண்டாம், செலவும் இல்லை. ஆனாலும் அது மனிதர் பார்த்துத் தட்டச்சு செய்யும் எண்தான். அதை எந்தப் பக்கத்தில் போடுகிறோம் என்பது ஆப்புக்குத் தெரியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்த ஒரு விஷயம்தான். யூஎஸ்பியில் செருகும் செக்யூரிட்டி கீ, நாம் பதிவு செய்த தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் கொடுக்கும். நாம் எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பதை ப்ரௌசரே அதற்குச் சொல்லிவிடுகிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கீ அசையாது. அவசரத்திலோ பயத்திலோ நான் ஏமாந்தாலும், போலிப் பக்கத்திடம் கொடுக்க என் கையில் எண் எதுவும் இல்லை. 85,000-க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய பிறகு, ஃபிஷிங்கால், அதாவது இப்படிப் போலிப் பக்கம் காட்டி ஏமாற்றுவதால், ஒரு கணக்குகூடப் பறிபோனதாகத் தகவல் இல்லை என்று 2018-ல் கூகுள் சொன்னது.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. ஒன்று போதாது, இரண்டு வாங்கி இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். என் உபரிக் கீ அக்கா வீட்டில், அவருடையது என் பீரோவில். கீ கையில் இல்லாதபோது உள்ளே நுழையத் தளம் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்தோம். முக்கியமாக, கீயைச் சேர்த்த கையோடு அதே கணக்கில் எஸ்எம்எஸ் வழியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான். கீ தொலைந்து, உபரியை வைத்து மீளும் நிலை இதுவரை எனக்கு வரவில்லை. அதனால் அது எவ்வளவு சுலபம் என்று அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

எல்லாத் தளங்களும் கீயை ஏற்பதில்லை. அங்கெல்லாம் இன்னும் ஆப்தான் வைத்திருக்கிறேன். மின்னஞ்சலில் மட்டும் சமரசம் வேண்டாம். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அங்கேதானே வருகிறது. இன்னொன்று, கணினியிலேயே திருட்டு மென்பொருள் புகுந்து, நாம் ஏற்கெனவே லாகின் ஆகிவிட்டோம் என்று தளத்துக்குக் காட்ட ப்ரௌசர் வைத்திருக்கும் குக்கீ என்ற சிறு பதிவை எடுத்துப் போனால் கீயாலும் தடுக்க முடியாது. யாரோ அனுப்பிய கோப்பு, இலவசமாகக் கிடைத்த கிராக் மென்பொருள் இரண்டையும் தொடாதீர்கள்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் பாஸ்கீயைப் பார்க்கலாம். தள முகவரியைச் சரிபார்க்கும் அதே முறைதான், சாவி ஃபோனுக்குள்ளோ கணினிக்குள்ளோ இருக்கும். நான் ஒரே ஒரு கணக்கில் இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன், இதுவரை சிக்கல் இல்லை. வேறு நிறுவனத்தின் ஃபோனுக்கு மாறிய பிறகுதான் அதைப் பற்றி உறுதியாக எழுத முடியும்.