பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன்: மீட்டரில் எவ்வளவு குறையும்?

1200 மி.மீ. அளவில் சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டாரை எலக்ட்ரானிக் போர்டு ஓட்டும் ஃபேனுக்கு 28 முதல் 35 வாட் போதும். வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். தினம் 12 மணி நேரம் ஓடினால் 75 வாட் ஃபேனுக்கு 30 நாளில் 27 யூனிட், 30 வாட் ஃபேனுக்கு 10.8. மிச்சம் 16.2 யூனிட். யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் ஸ்லாப் முறையில் கட்டணம் என்றால் இந்த மிச்சம் மேல் ஸ்லாபில்தான் கழியும். அந்த ஸ்லாபின் விலையால் பெருக்குங்கள், சராசரி விலையால் அல்ல.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, மீட்டரில் சிவப்பு விளக்கு 15 நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். மீட்டரில் 3200 imp/kWh (ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல்) என்று இருந்தால், எண்ணிக்கையை 1.25-ஆல் பெருக்கினால் வாட். 60 முறை என்றால் 75 வாட், 24 முறை என்றால் 30. வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து வோல்ட்டால் பெருக்கும் வழி இங்கே சரிவராது. பல பி.எல்.டி.சி. ஃபேன்களில் பவர் ஃபேக்டர் (வோல்ட், ஆம்பியர் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு) குறைவு என்பதால் வாட் அதிகமாகத் தெரியும்.

வேகத்தைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கு இந்த ஃபேன் இன்னும் லாபம். நடு வேகத்தில் பெரும்பாலும் 15 வாட்டைத் தாண்டாது. பழைய பெட்டி ரெகுலேட்டரிலோ, ஃபேனில் குறையும் மின்சாரத்தில் பெரும்பகுதி ரெகுலேட்டரில் சூடாகவே போய்விடும். ரிமோட்டில் மட்டும் அணைத்து வைத்தால் ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு விழித்தே இருக்கும். 1 வாட் என்றாலும் மாதம் 0.72 யூனிட். சுவர் சுவிட்சையும் அணைப்பதே நல்லது.

பலவீனம் அந்த போர்டுதான். சாதாரண ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றினால் தீர்ந்தது. இதில் மின்னழுத்தம் எகிறினால் போர்டையே மாற்ற வேண்டிவரலாம். ரிமோட் மாடலைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைப்பதும் போர்டைக் கெடுக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, வயரை நேரடியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாரண்டியில் போர்டு அடங்குமா, அது தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் தாராளமாக வாங்கலாம். தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் அறையில் மிச்சம் மாதம் 2.7 யூனிட்தான், அங்கே பழைய ஃபேனே இருக்கட்டும்.