சாயம் பத்தாத தேத்தண்ணி

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில், தேயிலை ஸ்டோரோடு (கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலை) ஒட்டினாற்போல கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு தேத்தண்ணிக் கடை. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். போன பெப்ரவரியில் அம்மாவையும் வீட்டுக்காரரையும் கூட்டிப் போனேன். அவர் கொழும்பில், வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர். அம்மா 32 வருஷம் கொழுந்து பறித்தவர்.

இடம் சுத்தம். கழிப்பறைக்கே தனியாக மார்க் போடலாம். ஸ்டோரைச் சுற்றிக் காட்டக் காசு வாங்குவதில்லை. வாட்டும் தட்டு, ரோலர், சலிக்கும் மெஷின் என்று ஒவ்வொன்றாகக் காட்டிய தம்பி பொறுமைசாலி. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்றார். அம்மா நின்றுவிட்டார். "அப்ப நம்ம 18 கிலோவுக்கு நாலு கிலோ தூளு." எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ, குறைந்தால் அரைப்பேர். அத்தனை வருஷம் நிறுத்துக் கொடுத்தவருக்கு அதில் எவ்வளவு தூள் தேறும் என்று ஒரு கணக்கப்பிள்ளையும் சொன்னதில்லை.

மேலே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் போனை எடுத்து, "என்ன பச்சை!" என்று படம் பிடித்துத் தள்ளினார். அம்மா அதே சரிவைப் பார்த்து, "மலை முத்திக் கெடக்கு, ரவுண்டு தவறிருச்சு. ஆளு பத்தல போல" என்றார். முறைப்படி பறிக்காமல் கொழுந்து முற்றிவிட்டதாம். என் கண் எப்போதும் தகரக் கூரையைத்தான் தேடும். தொழிலாளர் குடியிருக்கும் லயம் தெரியும் மூலையில் மட்டும் ஆள் உயரத் தொட்டிச்செடி வைத்திருக்கிறார்கள். கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி எட்டிப் பார்த்தேன், வரிசையாக எட்டுக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்றான அறைகள்.

தேத்தண்ணிக்கு வருவோம். பிஓபி என்கிற தூள் ரகம், ஒரு கேத்தல் 1,200 ரூபாய், பக்கத்தில் மூன்று நிமிஷ மணல் கடிகாரம். தை, மாசியில் காய்ந்த காற்றடிக்கும்போது இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு ஒரு மணம் வரும். அது கோப்பையில் அப்படியே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக் குடித்தார். அம்மா ஒரு வாய் வைத்து, "மணம் இருக்கு புள்ள, சாயம் பத்தல" என்றார். பக்கத்தில் நின்ற வெயிட்டர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

ஒரே கொழுந்துதான். சல்லடையில் மேலே நிற்பது பிஓபி, கீழே விழுவது டஸ்ட். எங்கள் காம்பராவுக்கு வந்ததெல்லாம் டஸ்ட். சட்டென்று சாயம் இறங்கும், கறுப்பாக, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி. விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஓடுகிறவருக்கு மணல் கடிகாரம் எதற்கு? அந்த நாக்கு இதைத் தண்ணி என்று சொன்னால் அதற்கு ருசி தெரியாது என்று அர்த்தமா? மணம் இருப்பதையும் அம்மாதானே முதலில் சொன்னார்.

சீனி கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள், "இதற்குச் சீனி போடக்கூடாது" என்று பாடம் வேறு. பத்து நிமிஷம் கழித்து இரண்டு பக்கெட் வந்தது. அம்மா உள்ளங்கையில் கொட்டி நக்கி நக்கிக் குடித்துக் கேத்தலைக் காலி செய்தார். கேக் சுமார்.

கீழே விற்பனைப் பகுதியில் பிஓபி இருக்கிறது, ஓபி இருக்கிறது, தகர டப்பாவில் சில்வர் டிப்ஸும் இருக்கிறது. டஸ்ட் இல்லை. திரும்பி வரும்போது தலவாக்கலை டவுனில் அரைக் கிலோ வாங்கினோம்.