மெத்தனால் தீக்கு உலர் பவுடரா, நுரையா?

மெத்தனால் எளிதில் தீப்பற்றும் ஒரு வகை ஆல்கஹால். அதைக் கேனில் வைத்திருக்கும் பட்டறைகளில், எந்தத் தீயணைப்பானை வாங்குவது என்று அடிக்கடி எழும் கேள்வி இது.

வேகம்: பவுடர் சில நொடிகளில் தீயை அடக்கும். நுரை பரவி மூடச் சற்று நேரமாகும்.

மறுபடி பற்றுவது: பவுடர் குளிர்விக்காது. பக்கத்தில் சூடான தகடு இருந்தால் அணைந்தது மீண்டும் பற்றும். நுரை ஆவியையே மூடிவிடும். ஆனால் மெத்தனால் தண்ணீரோடு கலக்கும் திரவம், சாதாரண நுரையைச் சிதைத்துவிடும். ஆல்கஹால் தாங்கும் நுரையா என்று லேபிளைப் பார்த்தே வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் சுடர் கண்ணுக்குத் தெரிவதே கடினம். அணைந்துவிட்டதென்று நம்பிக் கிட்டே போகாதீர்கள்.

மின்சாரம்: பவுடர் சரி, நுரை ஆபத்து.

செலவு: பவுடர் மலிவு.

தீப்பிடிக்காத சிந்தல்: பவுடரால் பயனில்லை. நுரை நச்சு ஆவியை அடக்கும். கொஞ்சம்தான் சிந்தியது என்றால் உலர்ந்த மணல் போதும், மரத்தூள் வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? ஓரிரு கேன், சுற்றிலும் மோட்டார் என்றால் பவுடர். பேரல் பேரலாக அடுக்கியிருந்தால் நுரை, கூடவே ஒரு பவுடர் சிலிண்டர். டேங்கரே எரிந்தால் இரண்டையும் தொடாதீர்கள். எல்லாரையும் 800 மீட்டர் தள்ளி அனுப்பி, 112-ஐ அழையுங்கள்.