மொனாஸ்ட்ரெல்லா, கர்னாச்சாவா?

இரண்டுமே வெயிலில் செழிக்கும் ஸ்பானியத் திராட்சைகள். ஆனால் கோப்பையில் ஊற்றியதுமே வேறுபாடு தெரிந்துவிடும். கர்னாச்சாவுக்குத் தோல் மெல்லியது. ஒயின் வெளிர்சிவப்பு, ஸ்ட்ராபெர்ரி வாசம், தொண்டையில் ஆல்கஹாலின் சூடு. அரகோன் பக்கத்துக் காம்போ டி போர்ஹா ஒயின் என்றால் விலையும் கையைக் கடிக்காது.

மொனாஸ்ட்ரெல் வேறு ரகம். முர்சியாவின் ஹுமியாவில், வறண்ட சுண்ணாம்பு மண்ணில், கம்பிப் பந்தல் இல்லாமல் குட்டைப் புதராக நிற்கும். தோல் தடிமன், பழுக்க நாளாகும். வெயில் போதாவிட்டால் சரியாகப் பழுக்காது. ஒயின் அடர்கருப்பு, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. 1989இல் அங்கே கொடியின் வேரை அழிக்கும் ஃபிலாக்சரா பூச்சி தாக்கியும், மணற்பாங்கான இடங்களில் ஒட்டுப் போடாத பழங்கொடிகள் சொந்த வேரிலேயே இன்னும் காய்க்கின்றன!

சுட்ட ஆட்டிறைச்சி இருந்தால் என் கை மொனாஸ்ட்ரெல்லுக்கே போகும். திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள், துவர்ப்பு இளகும்.