சார்ஸ் ஈஃபைலிங்கில் விட்டுப்போன டிவிடெண்ட்: திருத்தும் வசதி எப்படி?

தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸின் ஆன்லைன் தளம்தான் ஈஃபைலிங். அதில் அனுப்பிய வரிக்கணக்கில் டிவிடெண்டைக் காட்ட விட்டுப்போனால் பிறகு திருத்தலாம். டர்பனில் இதற்கெல்லாம் கணக்கரிடம் காசு கொடுப்பவர்கள் அதிகம். தேவையே இல்லை, ஈஃபைலிங்கில் இலவசம். ரிட்டர்ன்ஸ் ஹிஸ்டரியில் அந்த வருடத்து ஐடிஆர்12-ஐ (தனிநபர் வருமான வரிப் படிவம்) திறந்து ‘ரிக்வெஸ்ட் கரெக்‌ஷன்’ அழுத்துங்கள். தொடக்கக் கேள்விகளில் அந்தந்த வகை டிவிடெண்டுக்கு உரிய கேள்விக்கு ‘ஆம்’ போடாவிட்டால் அதற்கான கட்டமே வராது. பலர் திணறுவது இங்கேதான்.

உள்ளூர்க் கம்பெனி டிவிடெண்டில் பொதுவாக 20% பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். மேற்கொண்டு வரி வராது, ஆனாலும் காட்டவேண்டும். ரீட் (சொத்து முதலீட்டு நிறுவனம்) தரும் டிவிடெண்ட் அப்படியல்ல, சம்பளத்தைப் போலவே வரி உண்டு. முதலீட்டு நிறுவனம் தரும் ஐடி3பி என்ற வருமானச் சான்றிதழைப் பார்த்து இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். வெளிநாட்டு டிவிடெண்டா? அங்கே பிடித்த வரியைக் கழிக்காமல் முழுத்தொகையை ராண்டில் எழுதி, வரியைத் தனியே காட்டுங்கள். கைக்கு வந்ததை மட்டும் எழுதினால் கணக்கு இடிக்கும்.

வசதி நல்லதுதான், படிவம் மட்டும் கொஞ்சம் முரடு.