‘திறக்காதீங்க’ என்று சொல்லி விற்ற தேனீப் பெட்டி: 16,800 ரூபாய் போச்சு

இயற்கை முறைத் தேனீ வளர்ப்பு, பெட்டி முதல் பயிற்சி வரை எல்லாம் நாங்களே தருகிறோம் என்று வீடியோ போடுகிறவர்களுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று சாயங்காலம்தான் மூன்று பெட்டிகளையும் திறந்தோம். மூன்றிலும் ராணி கிடையாது. கட்டிய பணம் 16,800 ரூபாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் எந்த ரகம் என்று சொல்லிவிடுகிறேன். வீடியோவில் ஆள் பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் வாங்கி, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, ராத்திரி வண்டியில் பெட்டியை இறக்கிவிட்டுப் போகும் ஒரு பண்ணை. ஒரு நாள் பயிற்சி, மூன்று பெட்டி, பெட்டிக்கு ஒன்றாக அடுக்குத் தேனீக் (பெட்டியில் வளர்க்கிற நம்மூர்த் தேனீ) கூடு, தாங்கிகள், எல்லாம் சேர்த்து 16,800.

எனக்குத் தேன் விற்கும் ஆசையெல்லாம் இல்லை. தோட்டத்தில் பூசணியும் வெள்ளரியும் பூவாய்ப் பூத்துப் பிஞ்சிலேயே வெம்பி விழுந்துகொண்டிருந்தன. தேனீ இருந்தால் காய் பிடிக்கும், கூட்டை அதிகம் தொந்தரவு செய்யாமல் வளர்க்கலாம் என்ற எண்ணம்தான். அதைத்தான் அவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பயிற்சி நாளைச் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுத்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புகைமூட்டி இல்லை, கையுறை இல்லை. பெட்டிமேல் இருந்த சாக்கை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உரித்து எடுத்தான். தேனீக்கள் விரல்மேல் ஏறி நடந்தன, ஒன்றுகூடக் கொட்டவில்லை. “தேனீக்குத் தெரியாததையா அக்கா நாம சொல்லிக்கொடுக்கப் போறோம்?” என்று கேட்டான். சர்க்கரைப் பாகு கொடுக்க மாட்டோம், மருந்து போட மாட்டோம், அடை கட்ட அச்சடித்த மெழுகுத் தாள் வைக்க மாட்டோம், அடையை அதுவே கட்டட்டும், தேனில் பெரும்பங்கு அதற்கே என்றான். பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் எமில் வாரே வடிவமைத்த பெட்டியைக் காட்டி, அவர் வருஷத்துக்கு ஒரு தடவை, தேன் எடுக்கத்தான் திறக்கச் சொன்னார் என்றான். இதில் எதுவும் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அத்தனை உண்மையையும் வரிசையாகச் சொல்லிவிட்டு நடுவில் ஒரே ஒரு வரியைச் சொருகினான்: “கூடு செட்டாகணும், 40 நாளைக்குப் பெட்டியைத் திறக்கவே கூடாது. திறந்தா ஓடிப் போயிடும்.”

அடுக்குத் தேனீ தொந்தரவு பொறுக்காமல் கூட்டை விட்டு ஓடும் சாதி என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன இருந்தது தெரியுமா? கூட்டுக்கு உத்தரவாதம் 30 நாள்.

இதன் கணக்கை இப்போது சொல்கிறேன், கேளுங்கள். முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம். ராணி இல்லாத கூட்டில் ஏற்கனவே மூடிய புழு அடை (புழு வளர்ந்து அறைகளை மெழுகால் மூடிவிட்ட அடை) இரண்டு வைத்துக் கொடுத்தால் போதும். பத்துப் பன்னிரண்டு நாளைக்குப் புதுத் தேனீ வந்துகொண்டே இருக்கும். அவை அதற்கப்புறமும் சில வாரம் உயிரோடு இருக்கும். வாசலில் போக்குவரத்து நடக்கும், வெளியே நின்று பார்ப்பவருக்குக் கூடு நன்றாக இருப்பது போலவே தெரியும். 30 நாள் இப்படியே ஓடிவிடும்.

வாசலில் கூட்டம் குறைவதைப் பார்த்து, உத்தரவாதம் முடியும் முன்பே வீடியோ எடுத்து அனுப்பினேன். அதற்குள் நான் ‘அக்கா’விலிருந்து ‘மேடம்’ ஆகிவிட்டேன். “வெயில் மேடம், அப்படித்தான் இருக்கும்.” காலில் மகரந்தத்தோடு ஒரு தேனீகூட வரவில்லையே, புழு வளர்க்க மகரந்தம் வேண்டாமா என்று கேட்டேன். பூ இல்லாமல் இருக்கும் என்று பதில். எங்கள் முருங்கை அப்போது பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்கட்டுமா என்றதற்கு மட்டும் உடனே போன் வந்தது: “திறந்தீங்கன்னா உத்தரவாதம் கிடையாது, பார்த்துக்கோங்க.”

40 நாள் முடிந்தது. அப்புறம்தான் தெரிந்தவர் மூலமாக மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். வாழ்நாள் முழுக்க ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுத்தவர். திறப்பதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார், பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக் கனம் பார்த்தார். “ராணி இல்ல மக்களே” என்று அப்போதே சொல்லிவிட்டார்.

முதல் பெட்டியில் தேனீயே இல்லை. அடை முழுக்க மெழுகுப் பூச்சியின் நூலாம்படை, கீழே கறுப்புக் கறுப்பாக எச்சம். இரண்டாவதில் ஒரு கைப்பிடித் தேனீ, உடம்பில் மயிர் உதிர்ந்து பளபளவென்று எல்லாம் கிழடு. மூன்றாவது பெட்டியில்தான் எனக்குப் பாடம் நடத்தினார். வெயிலைத் தோளுக்குப் பின்னால் வைத்து அடையைச் சாய்த்துக் காட்டினார். ஒரு அறைக்குள் மூன்று நான்கு முட்டைகள், அடியில் நிற்காமல் சுவரில் கோணல்மாணலாக ஒட்டியிருந்தன. ராணி இட்டால் அறைக்கு ஒரு முட்டை, அடியில் நடுவாக நிற்கும். இது ராணி இல்லாததால் வேலைக்காரத் தேனீக்கள் இட்டது, இதிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும் என்றார். பக்கத்திலேயே மேடாக எழும்பிய மூடிகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசியால் குத்தின மாதிரி ஒரு துளை. அடுக்குத் தேனீயின் ஆண் அறை மூடி அப்படித்தான் இருக்குமாம். வேலைக்காரப் புழு ஒன்றுகூட இல்லை.

பழைய அடைகளை வாழைநாரால், பெட்டிக்குள் அடை தொங்கும் மரச் சட்டத்தில் கட்டியிருந்தார்கள். மரப்பொந்தில் இருந்த கூட்டை அறுத்து எடுத்தது. அது தப்பில்லை, தானும் அப்படிக் கட்டியவன்தான் என்றார் பெரியவர். ஆனால் ராணியைப் பிடிக்காமல் அடையையும் தேனீயையும் மட்டும் அள்ளிக்கொண்டு வந்து பெட்டியில் கொட்டி விற்றிருக்கிறார்கள். காட்டிலிருந்து ஒரு கூட்டைக்கூட எடுப்பதில்லை என்று பயிற்சியில் நெஞ்சில் கைவைத்துச் சொன்னவர்கள்!

இன்னொரு கூத்து பெட்டி. வாரே பெட்டியில் ஒரு அடையின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 36 மில்லிமீட்டர். ஐரோப்பியத் தேனீக்கு வைத்த அளவு அது. நம் அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது, அதற்குச் சுமார் 30 போதும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல் 36. மூன்றாவது பெட்டியில் புதிதாகக் கட்டியிருந்த துண்டு அடை இரண்டு சட்டங்களையும் பிணைத்துக் குறுக்கே போயிருந்தது. அதைக் கிழிக்காமல் சட்டத்தைத் தூக்கவே முடியவில்லை. தென்னிந்தியத் தேனீக்கென்றே நியூட்டன் பாதிரியார் பெட்டி வடிவமைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சட்டம் வேண்டாம், குச்சி மட்டும் போதும் என்றாலும் அந்த இடைவெளியை வைத்துச் செய்ய ஒரு தச்சருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இயற்கை முறை என்று பேசுகிறவன் எந்தத் தேனீயின் இயற்கை என்று பார்க்க வேண்டாமா?

நேற்று ராத்திரியே படங்களோடு அனுப்பினேன். வந்த பதில்கள்: “இயற்கைன்னா சிலது தங்கும், சிலது போகும் மேடம்.” பிறகு, “ராணியை அதுங்களே உருவாக்கிக்கும்.” எப்படி உருவாக்கும்? முட்டையோ மூன்று நாளைக்குள்ளான புழுவோ இருந்தால்தானே ராணி வளர்க்க முடியும்? நீங்கள் கொடுத்தது மூடிய அடை என்றேன். பதில் இல்லை. 30 நாளைக்குள் ஏன் திறந்து பார்த்துச் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி. திறக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்! அப்புறம் பெரிய மனது பண்ணி, பாதி விலையில் புதுக் கூடு தருவதாக ஒரு சலுகை. 16,800 போனது போதாதா? இன்று காலை குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

அந்தப் பெரியவரும் மருந்து போடுகிற ஆள் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புழுக்களைப் பை மாதிரி வீங்க வைத்துச் சாகடிக்கும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலியானபோது, தப்பிப் பிழைத்த கூடுகளிலிருந்துதான் திரும்பப் பெருக்கியதாகச் சொன்னார். அவரும் கூட்டை ரொம்பக் கலைக்கமாட்டார். ஆனால் வாங்குகிற அன்றைக்கு முட்டையைப் பார்க்காமல் பெட்டியை ஏற்றமாட்டார். கை வைக்காமல் வளர்ப்பது வேறு, கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்வது வேறு.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. இவ்வளவுதான்:

வாங்கும் இடத்திலேயே, பகல் வெளிச்சத்தில், அடையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அறைக்கு ஒரு முட்டை இருக்க வேண்டும், ராணியைக் கண்ணால் பார்த்தால் இன்னும் நல்லது. காட்டமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். திறக்காதே என்கிற நாளும் உத்தரவாத நாளும் எத்தனை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சட்ட இடைவெளியை அளந்துவிடுங்கள். முழுப் பணம் முன்கூட்டியே வேண்டாம், பாக்கியை வாசலில் மகரந்தம் ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ரசீது, அரட்டை, பணம் அனுப்பிய பதிவு எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் காலையில் பதிவு செய்துவிட்டேன். இதே ஆட்களிடம் வாங்கியவர்கள் இருந்தால் உங்கள் ரசீதோடு நீங்களும் பதிவு செய்யுங்கள், அடுத்த பயிற்சி வகுப்புக்கு இப்போதே முன்பதிவு நடந்துகொண்டிருக்கிறது.